எதிர்வீட்டு முட்டை

கல்லறையிலிருந்து திரும்பியதும் ஹாயிம் என்னைத் தரையில் போட்டிருந்த மெத்தையில் உட்காரவைத்தான். துக்கத்துக்காகக் கிழித்துவிட்ட என் சட்டைக் கழுத்து தோளில் தொங்கியது. துக்க வீட்டில் முகம் பார்க்கக் கூடாதென்று குளியலறைக் கண்ணாடியை யாரோ போர்வையால் மூடியிருந்தார்கள். அதன் கீழே சவரக்கத்தி நேற்று விழுந்த இடத்திலேயே கிடக்கும். பாதி முகம் மழித்தபடியே சாய்ந்துவிட்டார் யாகோ, என் புருஷன். "அழுதுடுங்க அண்ணி, அடக்காதீங்க" என்றான் ஹாயிம். அவருடைய தம்பி, அவன் கண்ணே சிவந்து வீங்கியிருந்தது. வந்தால் அழமாட்டேனா? கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாது இல்லையா, உள்ளே முழுக்க அப்படி இருந்தது. கல்லறையில் மூடிய வாய் இன்னும் திறக்கவில்லை.

எங்கள் யூத வழக்கத்தில் துக்க வீட்டின் முதல் சாப்பாடு அந்த வீட்டுடையதாக இருக்கக் கூடாது. அக்கம்பக்கத்திலிருந்து வரவேண்டும். அவித்த முட்டை, வட்ட ரொட்டி, ஆலிவ். செத்தவரோடு போய்விடலாம் என்று கிடப்பவளை, உயிரோடு இருப்பவர்கள் கையால் ஊட்டி இந்தப் பக்கம் இழுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். துருக்கியில் இந்த இஸ்மிர் ஊரில் ஒரு காலத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருந்ததில்லை. இப்போது எங்கள் ஆட்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். ஜெபக்கூடத்துப் பெண்கள் கொண்டுவருவார்கள் என்று ஹாயிமின் மனைவி விக்டோர்யா சும்மா இருந்துவிட்டாள். ஓரகத்தி இருக்கிறாளே, அவள் பார்த்துக்கொள்வாள் என்று அவர்கள் சும்மா இருந்துவிட்டார்கள். வீடு நிறைய ஆட்கள், தின்னக் கொடுக்க ஒன்றுமில்லை.

"நான் கீழ போய் ஏதாவது வாங்கிட்டு வரேன்" என்று ஹாயிம் எழுந்தான்.

"நீயும் துக்கக்காரன்தானேப்பா, உட்காரு" என்றார் ஜெபம் சொல்ல வந்த பெரியவர்.

விக்டோர்யா ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாள். "லீக்ஸ் உருண்டை ஒரு டப்பா நிறைய இருக்கே?"

"அது இந்த வீட்டுதுடி. அண்ணன் கையால செஞ்சது. மூடு" என்றான் ஹாயிம்.

எனக்கு வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸை அரிந்து பொரித்த அந்த உருண்டைதான் வேண்டும் போலிருந்தது. முந்தாநாள் அடுப்படியில் நின்று பொரித்துக்கொண்டே, நாளைக்கு ஆறினாத்தான் ருசி என்றார். ஒன்றுகூடத் தின்ன விடவில்லை, கஞ்சன்.

அப்போதுதான் சாத்தாமல் விட்டிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு நெர்மின் வந்தாள். எதிர்வீட்டுக்காரி. ஒரு காலத்தில் என் வீட்டு உப்பும் அவள் வீட்டுச் சர்க்கரையும் எது யாருடையது என்று தெரியாமல் கிடந்தன. ரம்ஜானில் அவள் நோன்பு திறக்க நான் கஞ்சி கொண்டுபோவேன். வீட்டில் மாவே இருக்கக் கூடாத எங்கள் பண்டிகைக்கு, இருக்கும் ரொட்டி மாவையெல்லாம் அவளிடம்தான் ஒப்படைப்பேன். எல்லாம் ஒரு சாயங்காலம் முடிந்தது. டிவி செய்தியில் எங்கோ நடக்கும் போர் ஓடிக்கொண்டிருந்தது. என் சோபாவில் உட்கார்ந்து என் காபியைக் குடித்தபடி, "பாத்தீங்களா லூனா அக்கா, உங்க ஆளுங்க பண்றதை?" என்று கேட்டுவிட்டாள். என் ஆளுங்க யாரடி? இந்தத் தெருவில் பிறந்தேன், இந்தத் தெரு மீனைத் தின்று வளர்ந்தேன். கோப்பையை வாங்கிவைத்துக் கதவைக் காட்டினேன். அன்றிலிருந்து மாடிப்படியில் எதிரே வந்தால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு போவோம். யாகோ மட்டும் என் பேச்சைக் கேட்காமல் அவளுக்கு வணக்கம் வைப்பார், அதற்கும் அவரைத் திட்டுவேன்.

வந்தவள் யாரையும் பார்க்கவில்லை. பாத்திரத்தை என் முன்னால் வைத்தாள். உள்ளே வெங்காயத் தோலோடு அவித்துச் சிவந்த முட்டைகள். பக்கத்தில் ரொட்டி.

"நல்ல மனசுதான், இருந்தாலும் அது நம்ம பாத்திரம் இல்லையே" என்று விக்டோர்யா முணுமுணுத்தாள். பிறகு குனிந்து பார்த்தவள் வாயை மூடிக்கொண்டாள். பாத்திரத்தின் பக்கவாட்டில் கடை லேபிள், தீயில் பாதி கருகி, இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தன் வீட்டுப் பாத்திரம் எங்களுக்கு ஆகாதென்று புதிதாக வாங்கி அவித்திருக்கிறாள்.

நெர்மின் தரையில் எனக்கெதிரே உட்கார்ந்தாள். பேசவில்லை. எனக்குப் பிறகுதான் உறைத்தது. என் அம்மா செத்தபோது இவள் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்து ஊரைக் கூட்டினாள். "எங்க பழக்கத்துல துக்கக்காரங்க வாயைத் திறக்கிறவரைக்கும் வந்தவங்க பேசக்கூடாதுடி ஓட்டைவாய்" என்று பின்னால் ஒருநாள் கேலி செய்தேன். அதை நினைவில் வைத்திருக்கிறாள். வாய் ஓயாதவள், உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் பேசினால்தான் அவள் பேசலாம். நான் பேசாவிட்டால் இப்படியே உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டியதுதான். உட்காரட்டுமே என்று தோன்றியது. கோபம்கூட இல்லை. எதுவுமே இல்லை.

"ஒரு வாய் சாப்பிடுங்க அண்ணி" என்று ஹாயிம் ஒரு முட்டையை என் கையில் வைத்தான். அது கையிலேயே ஆறியது. ஒவ்வொருவராகப் போனார்கள். கடற்கரை மசூதியில் மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள், அவள் எழவில்லை. எதிர்வீட்டிலிருந்து அவள் புருஷன், "நெர்மின்! அடுப்புல என்னவோ தீயுது!" என்று கத்தினான். திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினாள், தீயட்டும் என்று. அவளுக்கு முட்டிவலி. தரையில் உட்காரவே மாட்டாள். ஒரு காலை நீட்டுவதும் மடக்குவதுமாக இருந்தாள்.

"ஃப்ரிட்ஜ்ல ஒரு டப்பா இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது. "எடுத்துட்டு வா."

அவள் சுவரைப் பிடித்து எழுந்து, கொண்டுவந்தாள். "அக்கா, அன்னிக்கு நான் அந்த வார்த்தையை..."

"அது அப்புறம். யாகோ செஞ்சது. எனக்கு இப்போ ஆகாது, உனக்கு ஆகும். தின்னு. உப்பு போட்டாரா இல்லையான்னு சொல்லு. எப்பவும் மறந்துடுவாரு."

நெர்மின் ஒரு உருண்டையை வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். மூக்கைப் புறங்கையில் துடைத்துக்கொண்டாள்.

"போடலை, அக்கா" என்றாள்.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு இன்னொன்றை எடுத்தாள். நான் கையிலிருந்த முட்டையைத் தரையில் தட்டி உடைத்தேன்.