சம்பந்திகள் வளர்த்த ஃபைகஸ்

முதலில் காணாமல் போனவை இரண்டு இலைகள்.

இலைதானே, போகட்டும் என்று விட வேறு ஆளால் முடிந்திருக்கும். கண்ணாடிக்காரரால் முடியவில்லை. போன ஞாயிறு தொட்டியைக் கொடுத்தனுப்பும்போது சிவப்பு நூல் கட்டிய கன்றில் முப்பத்தொரு இலை இருந்தது. ஒரு வாரம் சம்பந்தி வீட்டில் இருந்துவிட்டு வந்ததும் எண்ணினால் இருபத்தொன்பது. பக்கத்தில் நீல நூல் கட்டிய கன்றோ, மாமியார் வீட்டுக்குப் போய் வந்த மாப்பிள்ளை மாதிரி தளதளவென்று நின்றது.

சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். காம்பு இருந்த இடத்தில் வெள்ளைப் பால் ஒரு துளி, கடுகு அளவுக்கு உறைந்து ஒட்டியிருந்தது. பழுத்துத் தானாக உதிர்ந்த இலை பால் வடிக்காது. கிள்ளின இலைதான் வடிக்கும்.

"கிள்ளியிருக்கார்," என்றார், காலியான அறையைப் பார்த்து. அவ்வளவு ஆத்திரத்திலும் சம்பந்திக்கு உரிய மரியாதை குறையவில்லை.

முப்பத்தெட்டு வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து, கண்ணாடி தேய்த்துக் கொடுத்தவர் அவர். எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, பார்வை நன்றாக இருக்கிறது என்று சாதித்த ஓட்டுநர் ஒருவரைப் பிடிப்பதற்காகப் பலகையைத் திருப்பி, எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி மாட்டிவைத்தார். ஓட்டுநர் கடைசி வரி வரை தடங்கல் இல்லாமல் படித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து கண்ணாடிக்காரர், தம் கண்ணால் பார்த்ததையே இரண்டு முறை சந்தேகப்பட்ட பிறகுதான் நம்புவது என்று வைத்துக்கொண்டார்.

சம்பந்தி லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்த காலமெல்லாம் ஊரை மேலே அனுப்பி, பத்திரமாகக் கீழே இறக்கியவர். இரண்டு பேரும் ஒரே வருடத்தில் ஓய்வு பெற்றார்கள். மறுநாளிலிருந்து இரண்டு பேரும் கண்ணாடிக்காரரின் மகள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். ஒருவர் கதவுக் கீல் கத்துகிறது என்பார். மற்றவர் விளக்கில் வெளிச்சம் போதாது என்பார். கீலுக்கு எண்ணெய் போட்டால், எண்ணெய் நாற்றம் என்று மறுபடியும் தொடங்கும். மகள் மிருக ஆஸ்பத்திரியில் நர்ஸ். கடிக்கிற நாய்களை நாள் முழுக்கச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கே இந்த இரண்டு பேர். மூன்றாம் மாதம் இருவரையும் கொண்டுபோய் ஒரு நர்சரியில், புதியவர்களுக்கான போன்சாய் வகுப்பில் சேர்த்துவிட்டாள்.

நர்சரி அம்மா ஜோடிக்கு ஒரு தொட்டியும் இரண்டு ஃபைகஸ் கன்றுகளும் கொடுத்தார். ஆலமரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி முறையாகிற செடி அது.

"புதுசா கத்துக்கறவங்களுக்கு இதை விட நல்ல மரம் கிடையாது. தப்பா வெட்டினாலும் துளிர்த்துடும். ரெண்டு கன்றை ஒட்ட வச்சுக் கட்டினீங்கன்னா, தண்டு சேர்ந்து ஒரே மரமாயிடும். ஒண்ணரை வருஷம் ஆகும்," என்றார்.

"அதுக்கப்புறம்?" என்று கேட்டவர் கண்ணாடிக்காரர்.

"கட்டைப் பிரிப்போம். மேல ரெண்டு தலை இருக்கும். எது பருமனோ அதை வச்சுக்கிட்டு இன்னொண்ணை வெட்டிடுவோம். நின்ன தலை யாரோடதோ, அவங்க பேர் கண்காட்சி அட்டையில வரும். ஒரு மரத்துக்கு ஒரு பேர்தான், ஐயா."

அங்கேதான் பிடித்தது சனி. கண்ணாடிக்காரர் பெயர் இதுவரை எங்கேயும் எழுதப்பட்டதில்லை. கடைப் பலகையில் முதலாளியின் பெயர்தான் இருந்தது. முதலாளி செத்த பிறகும் இருந்தது. ஆனால் சம்பந்தியின் பெயரோ, 'பரிசோதித்தவர்' என்ற அச்செழுத்துக்கு எதிரே ஊரில் பாதி லிஃப்ட்டுகளில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. மகள் வீடு நாலாவது மாடி. ஒவ்வொரு தடவை போகும்போதும் நாலு மாடிக்கும் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு போக வேண்டும். முழங்கால் வலிக்கிற நாள்களில்கூட அவர் சில சமயம் படியேறிப் போனதற்குக் காரணம் உடற்பயிற்சி இல்லை.

ஆகவே அந்த அட்டை அவருக்கு வேண்டும். தன் கன்றுக்குச் சிவப்பு நூல், சம்பந்தியின் கன்றுக்கு நீல நூல். தொட்டி ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. ஞாயிறு காலை ஒருவர் மகள் வீட்டில் கொண்டுவந்து வைப்பார். மாலை மற்றவர் வந்து எடுத்துப்போவார். இருவரும் நேருக்கு நேர் சந்திக்காமல் இருக்க மகள் செய்த ஏற்பாடு இது.

இரண்டு இலை காணாமல் போன அன்று கண்ணாடிக்காரர் தொலைபேசியை எடுத்தார்.

"என்ன சம்பந்தி, சௌக்கியமா? சிவப்புல ரெண்டு இலையைக் காணோமே?"

"இலைன்னா உதிரத்தான் செய்யும். உங்க தலையைக் கேட்டுப் பாருங்க, சொல்லும்."

வழுக்கையைத் தடவிக்கொண்டே கண்ணாடிக்காரர் தொலைபேசியை வைத்தார். பதில் இவ்வளவு சீக்கிரம் வந்ததென்றால் அது முன்கூட்டியே யோசித்துவைத்த பதில்தான்.

மறுநாள் நீல நூல் கன்றின் நாலு கொழுந்துகளை நகத்தால் கிள்ளினார். நுனியைக் கிள்ளினால் தண்டு பருக்காது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சிவப்பில் ஒரு கிளையை மட்டும் தொடாமல் காடாக வளரவிட்டார். வெட்டாத கிளை தண்டைப் பருக்கவைக்கும் என்பதும் அதே வகுப்பில் சொன்னதுதான். பிறகு நீலத்தின் கிளையில் அலுமினியக் கம்பியைச் சுற்றி, கீழ்நோக்கி வளைத்து, கொஞ்சம் அழுத்தமாகவே முறுக்கினார். இதைப் பழிவாங்கல் என்று சொல்வது தவறு. வாங்கின பாடத்தை வீட்டில் செய்துபார்த்தார், அவ்வளவுதான்.

அடுத்த முறை தொட்டி திரும்பி வந்தபோது நூலில் இருந்தது வில்லங்கம். அவர் போடுவது கண்ணாடிக் கயிற்றுக்குப் போடுகிற சாதாரண முடிச்சு. பூதக்கண்ணாடியில் தெரிந்ததோ வேறு ஒன்று: முதல் சுற்றில் நூல் இரண்டு தரம் முறுக்கி, அதன்மேல் ஒரு முடிச்சு. இழுத்துப் பார்த்தார். இம்மி நகரவில்லை. நீல நூலிலும் அதே முடிச்சு.

அவருக்கு மூக்கில் வியர்த்தது. எவனாவது நூலை அவிழ்த்து, அதே கன்றிலேயே திரும்பக் கட்டுவானா? மாற்றிக் கட்டத்தானே அவிழ்ப்பான்! சம்பந்தி நூலை இடம் மாற்றிவிட்டார். போன முறை கொழுந்தைக் கிள்ளின கன்று இப்போது சிவப்பு நூலோடு நிற்கிறது. கம்பி சுற்றின கிளையும் சிவப்பில்தான் இருந்தது. சம்பந்தியின் கன்று என்று நினைத்து... இல்லை, அது சம்பந்தியின் கன்றேதான், இப்போதுதான் தன்னுடையது. தலையும் வாலும் புரியாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு இரண்டு நூலையும் அறுத்து, மாற்றி, தன் முடிச்சைப் போட்டார்.

அடுத்த முறை தொட்டியை எடுக்கப் போன ஞாயிறு மாலை மகளைக் கேட்டார். அவள் கையில் பூனை பிறாண்டின கோடு ஒன்று சிவந்திருந்தது.

"ஏம்மா, இந்தத் தொட்டியை உங்க மாமாவைத் தவிர வேற யாராவது தொட்டாங்களா?"

"பூனை மோந்து பாத்துச்சுப்பா."

"விளையாடாதே. மாமா வச்சுட்டுப் போனதுக்கு அப்புறம் நடந்ததைக் கேக்கறேன்."

"நான் தண்ணி ஊத்தினேன். வெயில்ல வச்சேன். போலீஸ்ல சொல்லணுமா?" என்றபடி, தொட்டியைச் செய்தித்தாளில் சுற்றி, கையைப் பார்க்காமலே சணல் கயிற்றால் கட்டிக்கொடுத்தாள். அவள் எப்போதும் அப்படித்தான் கட்டிக்கொடுப்பாள். அவர் வீட்டுக்குப் போனதும் கயிற்றைக் கத்தரியால் அறுத்து எறிந்துவிடுவார்.

அந்த வாரமும் நூலில் இரட்டை முறுக்கு இருந்தது. அவர் மாற்றினார். அதற்கடுத்த முறையும் இருந்தது. மறுபடி மாற்றினார். எத்தனை தரம் மாறியது என்று சுவர்க் காலண்டரில் புள்ளி வைத்துக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு மாதம் ஈ உட்கார்ந்த கறையும் புள்ளியும் கலந்து கணக்கு கெட்டது. ஒருநாள் சம்பந்தியே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சம்பந்தி, வயசான காலத்துல நூல் கட்டிப் பழகறீங்களோ?"

"அதை நான் இல்ல கேக்கணும்!"

"நான் ஏன் கட்டறேன்? நான் தொட்டதெல்லாம் இரும்புக் கயிறு."

திருடன் முந்திக்கொண்டு கூச்சல் போடுவான் என்று கண்ணாடிக்காரர் அதையும் குறித்துக்கொண்டார்.

ஒன்றரை வருடம் முடிந்தது. நர்சரி மேசையில் தொட்டி. ஒரு பக்கம் கண்ணாடிக்காரர், எதிர்ப்பக்கம் லிஃப்ட்காரர், நடுவில் கைப்பையோடு மகள். நர்சரி அம்மா பிளாஸ்டிக் நாடாவைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். உள்ளே இரண்டு தண்டு இல்லை. அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஒரே மரம், ஒட்டுப்போட்ட கோடுகூடத் தெரியாமல். அதற்கு மேலே இரண்டு தலை, ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் நீலம்.

லிஃப்ட்காரர் வெர்னியர் அளவுகோலைக் கொண்டுவந்திருந்தார். நர்சரி அம்மா சிவப்பை அளந்தார். நீலத்தை அளந்தார். மறுபடி சிவப்பை அளந்தார்.

"முடி அளவுகூட வித்தியாசம் இல்ல. இருவத்தஞ்சு வருஷத்துல இப்படி நான் பாத்ததே இல்ல. ஒண்ணு அமுக்கிட்டு ஒண்ணு ஏறும், அதுதான் வழக்கம். ரெண்டு பேரும் ரெண்டையும் தன் கன்று மாதிரியே பாத்திருக்கீங்க. நல்ல மனசு ஐயா உங்களுக்கு."

நல்ல மனசுக்காரர்கள் இருவரும் கூரையைப் பார்த்தார்கள்.

"சரி, யாரோடதை வெட்டட்டும்?"

கண்ணாடிக்காரர் மனசுக்குள் அவசரமாகக் கூட்டிக் கழித்தார். கடைசியாக வைத்திருந்தவர் சம்பந்தி. கடைசியாக மாற்றினதும் அவராகத்தான் இருக்கும். அப்படியானால் நீல நூலோடு நிற்பதுதான் என் கன்று.

"என்னுதையே வெட்டிடுங்கம்மா. அந்தச் சிவப்பை. பாவம், சம்பந்தி ஆசையா வளர்த்தார்."

"சேச்சே! என்ன பேச்சு இது?" லிஃப்ட்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "நீலத்தை வெட்டுங்க. சம்பந்தி பேர் அட்டையில வரட்டும், பாத்துச் சந்தோஷப்படறேன்."

இவ்வளவு பெருந்தன்மையைச் சம்பந்தியிடம் கண்ணாடிக்காரர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. சந்தேகம் ஊர்ஜிதமானது. நீலத்தை வெட்டச் சொல்கிறார் என்றால் நீலம் என்னுடையதேதான்.

"இல்ல சம்பந்தி, நீங்க விட்டுக்கொடுக்கக் கூடாது."

"நீங்க விட்டுக்கொடுக்கறதை நான் பாத்துட்டு இருக்க முடியாது, சம்பந்தி."

"பெரியவர் நீங்க."

"ரெண்டு மாசம்தான் பெரியவன்!"

நர்சரி அம்மாவுக்கு அடுத்த வகுப்புக்கு ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். வளைவு நன்றாக இருந்த நீலத்தை விட்டுவிட்டு, கத்தரியைச் சிவப்பின் அடியில் கொடுத்து ஒரே வெட்டு.

பால் பொலபொலவென்று வடிந்தது. சிவப்பு நூலோடு தலை மேசையில் விழுந்தது.

"ஐயோ, அது என்னுது!" என்று அலறினார் லிஃப்ட்காரர்.

"ஐயோ, அது என்னுது!" என்று அதே நேரத்தில் அலறினார் கண்ணாடிக்காரர். மனசு போட்டுவைத்த கணக்கு வேறு. ஆனால் ஒன்றரை வருடம் சிவப்பைப் பார்த்துப் பழகின வாய் அதைக் கேட்கவில்லை.

நர்சரி அம்மா ஒருவர் முகத்தையும் மற்றவர் முகத்தையும் பார்த்தார். மகள்தான் பேசினாள்.

"சரி. வெட்டினது தன்னோடதுன்னு ரெண்டு பேரும் சொல்லிட்டீங்க. இந்தம்மா சாட்சி. அப்போ நிக்கிறது யாரோடது?"

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். நின்றது தன்னுடையது என்று சொல்ல வேண்டுமானால், நூல் மாறினது தமக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் தாம் மாற்றின கதையையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டார். எதிரே லிஃப்ட்காரரும் ஏதோ ஒரு வார்த்தையை மென்று விழுங்குவது தெரிந்தது.

"யாரோடதும் இல்லேன்னா, நான் எடுத்துக்கறேன்," என்று மகள் கைப்பையைத் திறந்து கண்காட்சி அட்டையை எடுத்துத் தொட்டியில் சாத்தினாள். அவள் பெயர் எழுதியிருந்தது. பேனா எதுவும் வெளியே வரவில்லை. கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். மை காய்ந்து பல நாள் ஆன மாதிரி இருந்தது.

நர்சரி அம்மா வெட்டின தலையின் பாலைத் துடைத்து, பாதி இலையைக் கழித்து, ஒரு சின்னத் தொட்டியில் நட்டார். "இதுவும் வேர் விட்டுடும். உங்க ரெண்டு பேருதும்னு சொன்னீங்களே, வாரம் மாத்தி வச்சுக்கோங்க."

மகள் அதைச் செய்தித்தாளில் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டினாள். கண்ணாடிக்காரர் அப்போதுதான் முதல் முறையாக அந்த விரல்களைப் பார்த்தார். முதல் சுற்றில் கயிறு இரண்டு தரம் முறுக்கியது. அதன்மேல் ஒரு முடிச்சு. நாய்க்குத் தையல் போட்ட இடம் பிரியாமல் இருக்கப் போடுகிற முடிச்சு. இழுத்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

பெரிய தொட்டியை நாலாவது மாடியில் இறக்கிவைத்துவிட்டு, இரண்டு சம்பந்திகளும் சின்னத் தொட்டியோடு லிஃப்ட்டில் ஏறினார்கள். கதவு சாத்திக்கொண்டது. சட்டத்துக்குள் சம்பந்தியின் பெயர் தொங்கியது. அன்று அதை இருவருமே பார்க்கவில்லை.

"சம்பந்தி, எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் லிஃப்ட்காரர், குரலைத் தாழ்த்தி.

"எனக்கும்தான்."

"உங்க பொண்ணு மேல."

"உங்க மருமக மேல."

மூன்றாவது மாடி போயிற்று. ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரே ஆளைச் சந்தேகப்பட்டதில், உள்ளே ஒரு சுமுகம் நிலவியது.

"கேட்டுடலாமா?"

"கேட்டா, நம்ம கதையும் சேர்ந்து வரும்."

"அது வேணாம்."

இரண்டாவது மாடியும் போயிற்று. கண்ணாடிக்காரர் செய்தித்தாளை மேலே கொஞ்சம் விலக்கினார். "எதுக்கும் இலையை இப்பவே எண்ணி வச்சுக்குவோம், சம்பந்தி. ரெண்டு பேருமா. பின்னால பேச்சு வரக் கூடாது."

"அதுவும் சரிதான்."

லிஃப்ட் தரையைத் தொடுவதற்குள் இருவரும் எண்ணி முடித்தார்கள். கண்ணாடிக்காரருக்கு ஏழு வந்தது. சம்பந்திக்கு எட்டு.