அடுக்கத்துச் சரிவில் எதிர்த்தீ

பொன்னுவேலைப் பிடித்துக்கொண்டுபோய் வனத்துறை ரேஞ்ச் ஆபீசில் வைத்திருக்கிறார்கள் என்ற செய்தியை அருண்பாண்டியன் வந்து சொன்னபோது, பாலகுமார் அட்டுவம்பட்டியில் சங்க அறையின் வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. ஆனால் மூன்று நாளாக அவனுக்கு எந்த இடத்திலும் இருப்புக் கொள்ளவில்லை.

"எந்தப் பொன்னுவேலு?"

"அடுக்கத்துல மாடு மேய்க்கிறாரே, அவருதாண்ணே. கந்தம்மா தோட்டம் எரிஞ்சதுக்கு அவருதான் காரணமாம். வெள்ளனே ஜீப்புல ஏத்திட்டுப் போயிட்டாக."

அந்தத் தோட்டத்தை எரித்த தீயை வைத்தது யார் என்று அங்கே நின்ற இரண்டு பேருக்கும் தெரியும். வைத்தவன் பாலகுமார்.

மலைத்தீத் தடுப்புத் தொழிலாளர் சங்கத்தில் ஐம்பத்தைந்து பேர். பாலகுமார் அதன் செயலாளர். மாசி பிறந்து சருகு காயத் தொடங்கியதும் வனத்துறை அவர்களை வேலைக்கு எடுக்கும். கோடைமழை இறங்கியதும் அனுப்பிவிடும். அந்த நான்கு மாதம் அவர்கள் காட்டுக்குள் தீ தாண்டாதபடி புல்லை வெட்டித் தீக்கோடு போடுவார்கள். தீப் பிடித்தால் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு போய் அடிப்பார்கள். மற்ற மாதங்களில் ஆளுக்கொரு வேலை. கேரட் மூட்டை தூக்குவார்கள், சாக்கடை வெட்டுவார்கள், விடுதிக்கு விறகு பிளப்பார்கள். ஆனாலும் சங்கம் வருஷம் முழுக்க இருந்தது. மலைப்பாதையில் வேன் உருண்டால் கயிற்றோடு முதலில் இறங்குவது அவர்கள்தான். உறுப்பினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போடுவதும் பாடை தூக்குவதும் அவர்கள்தான். பாலகுமாரின் அப்பா இலங்கையின் பதுளைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, எந்த ஊரும் தன் ஊரில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவர். பாலகுமார் அப்படிச் சொன்னதில்லை. ஐம்பத்தைந்து பேர் கொண்ட ஊர் ஒன்று அவனுக்கு இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கீழே அடுக்கம் ஊருக்கு மேல்சரிவில் தீ. பாலகுமார் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு இறங்கினான். ஃபாரஸ்ட் கார்டு வேறொரு தீக்குப் போயிருந்தார். வாக்கிடாக்கி இரைந்ததே தவிர யார் குரலும் வரவில்லை. பாதிச் சரிவில் காற்று திரும்பியது. மேலே ஒரு தீ, வந்த பாதையில் ஒரு தீ, இடது பக்கம் செங்குத்துப் பாறை. இடுப்பளவு காய்ந்த புல்லுக்குள் ஆறு பேரும் நின்றார்கள். அருண்பாண்டியன் அலைபேசியை எடுத்து மனைவியின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தான். பேசுவதற்கல்ல, பார்ப்பதற்கு.

பாலகுமார் தீப்பெட்டியை எடுத்து முன்னால் இருந்த புல்லில் தீ வைத்தான். எதிர்த்தீ. அது எரிந்துகொண்டே கீழே நகர்ந்து கரியாக்கிய தரையில் ஆறு பேரும் நனைத்த துண்டை முகத்தில் போட்டுக் கவிழ்ந்து படுத்தார்கள். மேலிருந்து வந்த பெருந்தீ கரிந்த இடத்தின் ஓரம்வரை வந்து, தின்ன ஒன்றுமில்லாமல் இரண்டாகப் பிரிந்து போனது. ஆறு பேரும் எழுந்தார்கள். ஒருவனுக்குக் காது மடல் கொப்பளித்திருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் வைத்த தீ நிற்கவில்லை. ஓடைப் பள்ளத்தில் இறங்கி, மூன்று மணிக் காற்றில் அடித்துக்கொண்டு போய், கீழே கந்தம்மாளின் தோட்டத்தில் ஏறியது. காப்பிச் செடி, மரத்தில் ஏற்றிய மிளகுக் கொடி, எலுமிச்சை, தகரம் போட்ட வீடு எல்லாம் போயின. கந்தம்மாள் பெரியகுளம் சந்தைக்குப் போயிருந்தாள். கொட்டிலில் கட்டியிருந்த கன்றுக்குட்டி கயிற்றை அறுக்க முடியாமல் செத்தது.

அன்று ராத்திரி சங்கத் தலைவர் காசிநாதன் ஆறு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். அடுத்த வாரம் திண்டுக்கல்லில் பேச்சுவார்த்தை. வருஷம் முழுக்க வேலை வேண்டும் என்ற கோரிக்கையை அதிகாரிகள் முதல்முறையாகக் காதில் வாங்கியிருக்கிறார்கள். 'வேலை வேணும்னு நீங்களே தீ வைக்கிறீங்களாமே' என்று கிண்டல் பேசுகிறவர்களும் அதே மேசையில்தான் உட்காருவார்கள். இந்த நேரத்தில் இது வெளியே வரலாமா?

ஆறு பேரும் தலையாட்டினார்கள். பாலகுமாரும் ஆட்டினான். தீ வைத்தது அடையாளம் தெரியாத நபர் என்று ரேஞ்ச் ஆபீஸ் அறிக்கையில் எழுதப்பட்டது. இப்போது அந்த நபருக்கு ஒரு அடையாளம் கிடைத்துவிட்டது.

காசிநாதன் பத்து மணிக்கு வந்தார். பாலகுமார் அறைக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தான்.

"ஏலே, ஒரு எடத்துல நில்லு. தலை சுத்துது."

"பொன்னுவேல விடச் சொல்லணும்ணே."

"விடுவாங்க. சாட்சி ஏது? ரெண்டு நாள்ல அவங்களே அனுப்பிருவாங்க."

"ரெண்டு நாள் எதுக்கு அவரு அங்க கெடக்கணும்?"

"அவன் ஒண்ணும் யோக்கியன் இல்லப்பா. இளம்புல்லு மொளைக்கட்டும்னு நாலு வருசத்துக்கு முந்தி தீ வச்சவன்தான். நம்மதானே போய் அணைச்சோம்?"

"அது அந்தத் தீ. இது நான் வச்ச தீ."

காசிநாதன் குரலைத் தாழ்த்தினார். "பாலு, நீ போய்ச் சொன்னா உன் பேரை மட்டும் எடுக்க மாட்டாங்க. சங்கத்தையே எடுத்துருவாங்க. ஆறு வருசமா நாயா அலைஞ்சோம். அம்பத்தஞ்சு குடும்பம்லே."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் பாலகுமாரை மேலும் அலைக்கழித்தது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எதிர்த்துப் பேசிவிட்டுப் போயிருக்கலாம். காசிநாதன் வீட்டு அடுப்பு எரிவதும் இந்த நான்கு மாதக் கூலியில்தான்.

அவன் வெளியே வந்தான். மனைவி சுமலதாவுக்குப் போன் போட்டான். அவள் ஒரு பள்ளி விடுதியின் சமையலறையில் வேலை பார்த்தாள். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"செவ்வாக்கெழமை தீ வச்சது நான்தான்" என்றான்.

பாத்திரச் சத்தம் தள்ளிப்போனது. அவள் வெளியே வந்திருந்தாள்.

"அதான் மூணு நாளா சோத்தைப் பெசஞ்சு வச்சிட்டு எந்திரிச்சு எந்திரிச்சுப் போனீங்களா?"

"பொன்னுவேலுன்னு ஒருத்தரைப் பிடிச்சிட்டாங்க. நான் போய்ச் சொல்லப் போறேன். வேலை போயிரும்."

"வேலை போனா வேற சோலி பாக்கலாம். ஆனா மொதல்ல ஆபீசுக்குப் போகாதீங்க. அந்தம்மாகிட்ட போங்க. வீடு எரிஞ்சது அவங்களுக்குத்தானே? அவங்க அதை அடுத்தவுக வாயில கேக்கக் கூடாது."

அருண்பாண்டியனின் பைக்கில் இருவரும் அடுக்கத்துக்கு இறங்கினார்கள். பாலகுமார் கேட்காமலே அவன் சாவியை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். வழியெல்லாம் பாலகுமாரின் கண் சரிவுகளையே மேய்ந்தது. எங்கேயாவது புகை தெரிகிறதா என்று பார்க்கும் பழக்கம். தெரிந்தால் ஓடலாம். ஓடுவது இதைவிடச் சுலபம்.

கந்தம்மாள் எரிந்த காப்பிச் செடிகளுக்கு நடுவே குத்தவைத்து, ஒவ்வொரு தண்டையும் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். உள்ளே பச்சை இருந்தால் ஒரு கல்லை வேருக்குப் பக்கத்தில் வைத்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் போய் ஏழு வருஷம். அந்தச் சரிவில் தனியாகப் பாடுபட்டவள். முந்தானை ஓரமெல்லாம் கரி.

"பெரியம்மா" என்றான் பாலகுமார். அதற்குமேல் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் வரவில்லை. "பொன்னுவேலு வைக்கல. நான்தான் வச்சேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் நடந்ததைச் சொன்னான். பாறையை, புல்லை, திரும்பிய காற்றை. அருண்பாண்டியன் குறுக்கே வந்து, "அண்ணன் வைக்கலேன்னா நாங்க ஆறு பேரும் இல்ல பெரியம்மா" என்றான்.

"நீ சும்மா இருப்பா" என்றாள் அவள். பிறகு பாலகுமாரிடம், "ஆறு உசுரு. சரி. நானா இருந்தாலும் வச்சிருப்பேன். ஆனா அன்னைக்குச் சாயங்காலம் இங்கதானே வந்த நீ? என் தண்ணியக் குடிச்சியே. 'எப்படி பெரியம்மா பிடிச்சுது'ன்னு என்னையவே கேட்டியே?"

அவன் தரையைப் பார்த்தான்.

"அந்தக் கன்னுக்குட்டிய நீதானே குழி தோண்டிப் பொதைச்ச?"

"ஆமா."

"பொதைக்கும்போதும் வாயில வரலியா?"

கந்தம்மாள் எழுந்தாள். கோபத்தில் அடிக்கப்போகிறாள் என்று அருண்பாண்டியன் ஒரு அடி முன்னால் வந்தான். அவள் முகத்தில் இருந்தது வேறொன்று.

"நேத்து நான் பொன்னுவேலு வீட்டு வாசல்ல போயி மண்ண வாரித் தூத்திட்டு வந்தேன்டா. அவன் பொண்டாட்டி பிள்ளைக பாக்க. 'என் குடியக் கெடுத்தவன் குடி வெளங்காமப் போகட்டும்'னு சொல்லிட்டு வந்தேன். மாடு மேய்க்கிறவன் அவன் ஒருத்தன்தான், வேற யாரு வைப்பான்னு ரேஞ்சருகிட்ட பேரச் சொன்னதே நான்தான். வாரித் தூத்துன மண்ண எப்படிடா திருப்பி அள்ளுறது?"

கையிலிருந்த கல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்துவிட்டு, கீழே போட்டாள்.

"வண்டில எடமிருக்கா? நானும் வாறேன்."

மூன்று பேருமாக அந்தப் பைக்கில் மலையேறினார்கள்.

ரேஞ்ச் ஆபீசில் பொன்னுவேல் ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது. யாரும் அடித்ததாகத் தெரியவில்லை. ஆனால் கூனிப் போயிருந்தார். ரேஞ்சர் புதியவர், முப்பது வயதுக்காரர். பாலகுமார் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"எதிர்த்தீ வைக்கிறதுக்கு அனுமதி வேணும்னு தெரியாதா?"

"தெரியும் சார். கேக்க ஆள் இல்ல. வாக்கிடாக்கி எடுக்கல."

"அன்னைக்கே ரிப்போர்ட் பண்ணியிருந்தா உங்க மேல ஒரு கேள்வி வந்திருக்காது. ஆறு பேரைக் காப்பாத்தினதுக்குப் பாராட்டுகூட எழுதியிருப்பேன். இப்ப என்ன எழுதச் சொல்றீங்க?"

"நடந்ததை எழுதுங்க சார். மறைச்சதையும் சேர்த்து."

அவர் எழுதினார். விசாரணை முடியும்வரை பாலகுமாரின் பெயர் வேலைப் பட்டியலில் இராது என்றார். பொன்னுவேல் போகலாம் என்றார்.

கந்தம்மாள் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றாள். "பொன்னுவேலு, தப்பாச் சொல்லிட்டேன்ப்பா. நான் சொன்ன சொல்லு என்னையச் சேரட்டும்."

பொன்னுவேல் அவளைப் பார்த்தார், பாலகுமாரையும் பார்த்தார். "மாடுக காலையில இருந்து தண்ணி இல்லாம நிக்கும்" என்றார். பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அருண்பாண்டியன் சொன்னதைக் காதில் வாங்காமல் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். அறை கொள்ளாமல் பாதிப் பேர் ரோட்டில் நின்றார்கள். பாலகுமார் ராஜினாமாவைக் கொடுத்தான். ஒரே கூச்சல். "அவன் பெரிய அரிச்சந்திரன், நம்ம சோத்துல மண்ணு" என்று செல்வமுருகன் கத்தினான். அருண்பாண்டியன் அவன் சட்டையைப் பிடித்தான். பிரித்துவிட நாலு பேர் வேண்டியிருந்தது. கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். ராஜினாமாவை ஏற்க இருபத்துநான்கு கை, வேண்டாம் என்று முப்பது. பாலகுமார் யார் யார் என்று பார்க்காமலிருக்க முயன்றான், முடியவில்லை. அதன்பிறகு தெருவில் எதிர்ப்படும்போது அந்த இருபத்துநான்கு முகமும் அவனுக்குத் தனியாகத் தெரிந்தன.

பேச்சுவார்த்தைக்குக் காசிநாதன் போனார். எதிர்பார்த்த கேள்வி முதலிலேயே வந்தது. உங்கள் ஆளே தீ வைத்தானாமே?

"ஆமா சார். எங்க ஆளுதான் வச்சான். எங்க ஆளுதான் வந்து சொன்னான். கார்டு இல்லாம, வாக்கிடாக்கி எடுக்காம ஆறு பேரை அந்தச் சரிவுல யாரு எறக்குனதுன்னு நீங்க சொல்லுங்க" என்றாராம் காசிநாதன். திரும்பி வந்ததும் இதை அவர் பாலகுமாரிடம் சொல்லவில்லை. கூடப் போனவர்கள் சொன்னார்கள்.

வருஷம் முழுக்க வேலை என்பது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. ஒவ்வொரு குழுவுக்கும் நல்ல வாக்கிடாக்கி ஒன்றும், உயிருக்கு ஆபத்தானால் குழுத் தலைவன் எதிர்த்தீ வைக்கலாம், அன்றைக்கே தெரிவிக்க வேண்டும் என்ற எழுத்துமூலமான உத்தரவும் கிடைத்தன. அவ்வளவுதான் கிடைத்தது.

சித்திரை பிறந்தும் மழை இல்லை. ஞாயிறுதோறும் சங்கத்து ஆட்கள் கந்தம்மாளுக்கு வீடு கட்டினார்கள். கல் வைத்த செடிகளில் பாதி துளிர்த்திருந்தன. பாலகுமார் ஞாயிறு மட்டுமல்ல, மற்ற நாட்களிலும் வந்தான். அவள் அவனை மன்னித்தாளா என்று தெரியவில்லை. வேலை வாங்கினாள். பொன்னுவேல் மேல்ரோட்டில் மாட்டை ஓட்டிக்கொண்டு போவார். அவள் கூப்பிடுவாள். ஒருநாள் மட்டும் நின்றார். "செவலைப் பசு சினையா இருக்கு. கன்னு போட்டா சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கூரைக்குத் தகரம் ஏற்றிய அன்று, பெருமாள்மலைப் பக்கம் புகை எழும்பியது. வாக்கிடாக்கி பேசியது. கீழே நின்றவர்கள் எல்லாரும் அரிவாளையும் தண்ணீர்க் கேனையும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்கள். அருண்பாண்டியன் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு ஏறினான். பாலகுமார் கூரைச் சட்டத்தின்மேல் உட்கார்ந்திருந்தான். புகை வெள்ளையாக இருக்கிறதா, கருப்பாகிறதா, எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவன் கண் கணக்கிட்டுக்கொண்டே இருந்தது. கால் தானாகக் கீழே இறங்கப் பார்த்தது.

"போகணும்னா போயேன்ப்பா" என்றாள் கந்தம்மாள், கீழேயிருந்து.

"பட்டியல்ல பேரு இல்ல பெரியம்மா. போகக் கூடாது."

"அப்பத் தகரத்தப் பிடி. காத்து வருது."

அவன் தகரத்தைப் பிடித்தான்.