ஸ்பென்சருக்கும் ஒரு சித்தப்பா

என் கணவர் இரவிச்சந்திரன் தன் தம்பி ஆரூரனின் பையைக் கொண்டுவந்து வாசலில், சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் வைத்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆரூரன் மறுபேச்சில்லாமல் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினான். இந்தக் குளிருக்குள் இந்த மொன்றியலில் அவனுக்கு எங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அவனுக்கு மூன்றாவது வேலையும் போய்விட்டது, அதுதான் குற்றம். புவாண்ட்-கிளேரில் சாமான் அடுக்கிவைக்கிற ஒரு கிட்டங்கி. மேல்தட்டிலிருந்து பெட்டி விழுந்த சத்தத்தை ஷெல் என்று நினைத்துத் தரையில் படுத்துவிட்டான். எழுப்ப எழுப்ப எழும்பவில்லையாம். இதெல்லாம் இரவிச்சந்திரனின் காதில் ஏறாது. எங்கள் வீட்டில் ஸ்பென்சர் என்று எப்போதோ செத்துப்போன ஒரு வெள்ளைக்காரத் தத்துவக் கிழவரின் ஆட்சி நடக்கிறது. ‘தக்கன பிழைக்கும்’ என்பதை வேறொருவர் சொன்னதாக ஊரே நினைக்க, முதலில் எழுதியவர் இந்தக் கிழவர்தான் என்று யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்த நாளிலிருந்து இவருக்கு ஒரு பெருமை, ஏதோ சொந்த மாமனார் மாதிரி. ஏலாதவனைத் தாங்கித் தாங்கி வைத்தால் சமுதாயமே ஏலாமல் போய்விடும் என்று கிழவர் எழுதியிருக்கிறாராம். கலியாணம் கட்டாத மனுசன், எழுதுவார்தானே.

மகள் துவாரகா அறையிலிருந்து வந்தாள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கிறாள்.

“அப்பா, அரசாங்கம் தாங்கக்கூடாது எண்டுதான் அவர் சொன்னவர். சொந்தக்காரர் உதவக்கூடாது எண்டு சொல்லேல்லை. அவரே தன்ர சித்தப்பா விட்டுட்டுப்போன காசிலதான் வேலையை விட்டுட்டு இருந்து எழுதினவர்.”

சித்தப்பா என்றதும் ஆரூரனின் கை நாடாவில் நின்றது.

வாக்குவாதம் சூடேறினால் கிழவர் காதை அடைத்துக்கொள்வாராம். இவருக்கு அந்த வசதி இல்லை. குரலை உயர்த்தினார்.

“தக்கன பிழைக்கும்! அவ்வளவுதான் கதை!”

“ஓம் அப்பா, அதைத்தானே நானும் சொல்லுறன். தக்கதுகள்தான் பிழை விடும். சின்னனில இருந்து நீங்கள் சொல்லேக்க, ஏதோ பிழை விட்டதை நினைச்சுக் கவலைப்படுறீங்கள் எண்டுதான் நான் நினைச்சனான்.”

அவள் நையாண்டி பண்ணவில்லை. இங்கே பிறந்த பிள்ளை. எங்கள் வீட்டில் கணக்குப் பிழைக்கும், கறி பிழைக்கும். உயிர் தப்புவதற்கும் அதே சொல்தான் என்று நாங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை. காணியை விற்று ஒரு பிள்ளையை மட்டும்தான் வெளியே அனுப்பலாம் என்றிருந்தபோது, படித்தவன் போகட்டும் என்று இவரை அனுப்பினார்கள். ஆரூரன் நின்றான். முள்ளிவாய்க்கால் வரைக்கும் நின்றான்.

“அண்ணையில பிழை இல்லை, பிள்ளை,” என்றான் ஆரூரன். “வாறன், அண்ணி.”

பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான்.

இவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். எனக்கு அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது. திடீரென்று குளிர் ஜாக்கெட்டும் இல்லாமல் வீட்டுச் செருப்போடு இறங்கி ஓடினார். வீதிக்கு அந்தப் பக்கம், பஸ் தரிப்பில், தம்பியை மறித்து ஏதோ சொன்னார். ஆரூரன் தலையாட்டினான். ஓமென்றா இல்லையென்றா, இங்கிருந்து தெரியவில்லை. பஸ் வந்து இருவரையும் மறைத்தது. அதன் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது.

துவாரகா என் கையை இறுக்கிப் பிடித்தாள். திறந்து கிடந்த கதவால் பனி மிதியடியைத் தாண்டி உள்ளே வந்தது. சாத்த எனக்கு மனம் வரவில்லை. பஸ் நின்றுகொண்டே இருந்தது.