பதினோரு சுத்தமான சோதனைகள்

கேலப் பதினோராவது சோதனையிலும் தேறினான் என்பதற்காக நான் கேக் செய்தேன். இதைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது. விவாகரத்தான கணவன் சிறுநீர்ச் சோதனையில் தேறியதற்குக் கேக் செய்தவள் ஓஹையோ மாநிலம் முழுக்கத் தேடினாலும் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மர ஆலையில் முதுகு பிசகியதில் தொடங்கியது அவனுடைய வலிமாத்திரைப் பழக்கம். ஒருநாள் எங்கள் மகள் மார்லி பின் இருக்கையில் இருக்கும்போதே சொக்கிப்போய்க் காரை வேலியில் விட்டான். அதன் பிறகு நீதிபதி கறாராக எழுதிவிட்டார். குழந்தை என்னிடம். அவன் சனிக்கிழமை மூன்று மணி நேரம் பார்க்கலாம், அதுவும் அவன் அக்கா லோர்னா வீட்டில், அவள் கண்முன்னால். தினமும் காலையில் ஓர் எண்ணுக்குப் போன் போட வேண்டும். பதிவுசெய்த குரல் ஒரு நிறத்தைச் சொல்லும். அவனுடைய நிறம் ஆரஞ்சு. ஆரஞ்சு என்று வந்தால் மாலைக்குள் போய், மாத்திரை போட்டானா என்று பார்க்கச் சிறுநீர் கொடுத்தாக வேண்டும்.

லோர்னாவைக் கண்காணிப்பாளராகப் போடச் சொன்னதே நான்தான். ஏழாம் வகுப்பிலிருந்து என் தோழி. மார்லி பிறந்தபோது கேலப் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழ, கடைசிவரை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

என் அண்ணன் ரஸ் மட்டும், "தேறினான்னா எப்படித் தேறினான்னு கேளு. கேக் வெட்டாத" என்றான். கோபத்தில் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன். அந்த வார வியாழக்கிழமை நான் நீதிமன்றத்தில் சம்மதக் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. அதன் பிறகு மார்லி சனி, ஞாயிறுகளில் அப்பாவோடு தனியாகத் தங்கலாம்.

செவ்வாய்க்கிழமை மார்லிக்கு அடிவயிற்றில் வலி. டாக்டரிடம் கூட்டிப்போனேன். நர்ஸ் ஒரு சின்னக் கிண்ணத்தை நீட்டி, எப்படிப் பிடிப்பது என்று சொல்லத் தொடங்கினாள். ஏழு வயது மார்லி அவளை முடிக்கவிடவில்லை.

"எனக்குத் தெரியும். முதல்ல கொஞ்சம் விட்டுட்டு அப்புறம் பிடிக்கணும். மூடிய நல்லா இறுக்கணும். இது அப்பாவோட டெஸ்ட்டுக்கா?"

நர்ஸ் என்னைப் பார்த்தாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

காரில் ஏறியதும் கேட்டேன். "அது ரகசியம்" என்றாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சுண்டுவிரலை நீட்டினாள். அதைக் கோத்துவிட்டால் அவளுக்கு அதற்குமேல் சத்தியம் கிடையாது. கோத்தேன்.

"லோர்னா அத்தை பெரிய டம்ளர்ல எலுமிச்சை ஜூஸ் தருவாங்க. அப்புறம் நான் டப்பாவுல போவேன். அப்பா அத ஃப்ரீசர்ல மான்கறிக்குப் பின்னாடி வைப்பாரு. நான் குடுக்கலேன்னா அவர என்னப் பார்க்க விடமாட்டாங்களாம். நான்தாம்மா அப்பாவக் காப்பாத்துறேன்."

பெருமையாகச் சொன்னாள்.

மார்லியை ரஸ் வீட்டில் விட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் அவன் அவளை உள்ளே கூட்டிப்போனான். நேராக லோர்னா வேலை செய்யும் சலூனுக்குப் போனேன். ஓர் அம்மாளுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"வாடி. முடி வெட்டணுமா?"

"எலுமிச்சை ஜூஸ் எப்படிப் போடுற லோர்னா? சர்க்கரை தூக்கலா போடுவியோ?"

அவள் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள். "அழுதான்டி. ஒரே ஒரு தடவைன்னு சொன்னான்."

"பதினோரு தடவை."

"இப்ப ரொம்பக் குறைச்சுட்டான். சனிக்கிழமை அவகூட எவ்வளவு நல்லா இருக்கான் தெரியுமா? அவ கூடவே இருந்தா முழுசா விட்டுடுவான்."

"ராத்திரி அவன் மாத்திரையப் போட்டுட்டுக் கிடப்பான். மூச்சு வருதா இல்லையான்னு யாரு பார்ப்பா? மார்லியா?"

"அவன் என் தம்பி."

"அவ உன் மருமக இல்லையா?"

அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. "சாயம் காயப்போவுது, அந்தம்மாவக் கவனி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இருபது வருடச் சிநேகிதத்தில் நான் அவளிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

வியாழக்கிழமை நீதிபதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேலப் தலையைக் குனிந்துகொண்டு, "குழந்தை ஏதோ கற்பனை பண்ணுது" என்றான். நீதிபதி முடிச் சோதனைக்கு உத்தரவிட்டார். மூன்று மாதத்தில் உள்ளே போனதெல்லாம் முடியில் தெரிந்துவிடுமாம். மறுநாள் கேலப் தலையை மழுங்க வழித்துக்கொண்டு போய் நின்றான். சோதனைக்கூடத்தில் காலிலிருந்து முடியை எடுத்துக்கொண்டார்கள். முடியில் மாத்திரை இருப்பதாக முடிவு வந்ததும் சனிக்கிழமைச் சந்திப்பையும் நிறுத்திவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் மார்லி ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவுக்கு உடம்பு தேறும் வரை பார்க்க முடியாது என்று சொன்னேன்.

"டப்பா விஷயம் அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நர்ஸ் சொல்லிவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இவளிடம் இதுவரை பெரியவர்கள் சொன்ன பொய் போதும்.

"நான்தான் சொன்னேன்."

"நீ விரல் கோத்தியே" என்றாள். அழவில்லை. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கேலப் என்னை ஏமாற்றினான், லோர்னாவும் ஏமாற்றினாள். இரண்டு பேரையும் மன்னிக்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் மார்லியைப் பொறுத்தவரை அவளை ஏமாற்றியவள் நான் ஒருத்திதான். போன வாரம் அவளுக்கு முன்பல் விழுந்ததை டீச்சர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.