ஏழை இல்லாத பள்ளத்தாக்கு

உலகத்திலேயே ஏழை என்று ஒருவர்கூட இல்லாத ஒரே இடம், கென்டக்கி மலைகளுக்கு நடுவே இருக்கும் பிக்கட் பள்ளத்தாக்குதான். இதை மளிகைக் கடை வாசலில் நின்று அறிவித்தவர் ஆர்வில். அறிவித்த நேரத்தில் அவருடைய பூட்ஸ் இரண்டும் சாம்பல் நிற டேப்பின் தயவில்தான் கால்களோடு சேர்ந்திருந்தன. அவர் வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கம் மூடி ஆறு வருடமாகியிருந்தது.

"நம்மகிட்ட காசு இல்லாம இருக்கலாம்டா டூயி. அதுக்காக ஏழைன்னு சொல்லிடறதா?"

"யாருண்ணே சொன்னா? ஃபாரத்துல கேட்டிருக்கான், அவ்வளவுதான்" என்றான் டூயி நோபிள். அவரோடு பதினைந்து வருடம் நிலக்கரி வெட்டியவன்.

பள்ளிக்கூடம் வருடா வருடம் வீட்டுக்கு அனுப்பும் மஞ்சள் படிவம் அது. வீட்டில் எத்தனை பேர், மாத வருமானம் என்ன என்று கேட்கும். இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளில் எண்பத்தைந்து பேராவது கஷ்டப்படும் வீட்டிலிருந்து வந்தால் மத்திய அரசின் நிதி வரும். அந்த நிதியில்தான் வாசிப்பு டீச்சர் மிஸ் ஃபியூகேட்டுக்குச் சம்பளம். ஆர்விலின் ஒன்பது வயது மகள் டான்ஸி, முன்பெல்லாம் வகுப்பில் வாசிக்கத் தன் முறை வந்தால் பாத்ரூமுக்கு ஓடிவிடுவாள். இரண்டு வருடம் அந்த டீச்சரிடம் உட்கார்ந்த பிறகு, சீரியல் டப்பாவை முன்னும் பின்னும் வாசித்து முடிக்காமல் யாரையும் சாப்பிட விடுவதில்லை.

அந்த வருடம் ஆர்விலின் பேச்சில் ரோஷம் வந்து எல்லா வீடும் படிவத்தை நிரப்பி அனுப்பியது. ஒருவர் வேட்டை நாய்களின் மதிப்பை வருமானத்தில் சேர்த்தார். ஒருவர் 'ஆண்டவன் புண்ணியத்தில் தாராளம்' என்று எழுதினார். ஆர்வில், மூடிப்போன சுரங்கத்தின் சம்பளத்தை ஓவர்டைமோடு எழுதினார். அவரைப் பொறுத்தவரை அவர் நீண்ட விடுப்பில் இருந்தார். கூட்டிப் பார்த்தபோது, காகிதத்தில் பிக்கட் பள்ளத்தாக்கு, டாக்டர்கள் குடியிருக்கும் நகர்ப்புறப் பேட்டையைவிடச் செழிப்பாக இருந்தது. இனி உதவி தேவையில்லை என்று பதில் வந்தது. வாழ்த்தும் சொல்லியிருந்தார்கள்.

"பார்த்தியா? அரசாங்கமே ஒத்துக்கிச்சு" என்றார் ஆர்வில்.

மறுநாள் மிஸ் ஃபியூகேட் கடைக்கு வந்தார். புத்தகங்களைக் கட்டி வைக்க அட்டைப்பெட்டி வேண்டுமாம். பெட்டியை வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் சொன்னார்: "ரெட் ஓக் பள்ளிக்கூடத்துக்கு இந்த வருஷம் ரெண்டு வாசிப்பு டீச்சர் குடுத்திருக்காங்க."

கடையே திரும்பிப் பார்த்தது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரெட் ஓக்கிடம் கூடைப்பந்தில் தோற்றாலே பிக்கட்டில் மூன்று நாள் யாருக்கும் சாப்பாடு இறங்காது.

"அவங்களுக்கு எதுக்கு?"

"நம்மளவிட ஏழைங்களாம். பேப்பர்ல அப்படித்தான் இருக்கு."

"எது, அவங்களா?" டூயி கொதித்துப்போனான். "டீச்சர், அந்த ஊர்ல பீட்சாக் கடை இருக்கு! எங்க வீட்டுக் கூரை மூணு எடத்துல ஒழுகுது!"

"மூணுதானா?" என்றது பின்னாலிருந்து ஒரு பெருமிதக் குரல்.

"திருத்திக் குடுக்க வெள்ளிக்கிழமை மூணு மணி வரைக்கும் டைம் இருக்கு" என்று சொல்லிவிட்டு டீச்சர் போய்விட்டார். பெட்டியை மறந்துவிட்டார்.

அன்று மாலையே பள்ளத்தாக்கில் உண்மை பெருக்கெடுத்தது. உள்ளதை உள்ளபடி எழுதிய படிவங்கள் பள்ளிக்கூடப் பெட்டியில் விழத் தொடங்கின. ஆர்வில் மட்டும் தினமும் காலையில் பள்ளிக்கூட வாசலில் நின்று வரவேற்றார். "வாங்க அரசாங்க மாப்பிள்ளைங்களா! திருவோடு கொண்டாந்தீங்களா, இல்ல அங்கேயே குடுப்பாங்களா?"

"நீ எழுதலையாண்ணே?" என்று கேட்டான் டூயி.

"என் கை பிச்சை எழுதிப் பழகலடா."

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குப் பள்ளிக்கூட நடைகூடத்துக் கரும்பலகையில் எண் 84; இன்னும் ஒன்று வேண்டும். எல்லோரும் மிகுந்த கவனத்தோடு ஆர்விலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

"யாராச்சும் பாக்கி இருக்கீங்களா?" என்று டூயி கூரையிடம் கேட்டான்.

"நான் பொண்ணக் கூட்டிட்டுப் போக வந்தேன்" என்றார் ஆர்வில்.

மேட்டு வீடுகளில் யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா என்று தேடக் கூட்டம் வண்டிகளில் பறந்தது. நடைகூடம் காலியானது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த டான்ஸி, பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த எழுதாத படிவம் ஒன்றை எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள். கண்ணில் பட்ட எழுத்தை அவளால் சும்மா விட முடியாது.

"'மேற்படி குடும்ப உறுப்பினர்கள் அனைவரும் கடந்த மாதத்தில் ஈட்டிய மொத்த வருமானத்தை, விலக்களிக்கப்பட்ட இனங்கள் நீங்கலாக, கீழே குறிப்பிடவும்.'"

எழுதிய அதிகாரியே ஒரே மூச்சில் வாசிக்க முடியாத வாக்கியம். அவள் எங்கும் தடுக்கவில்லை. வரியில் விரலைக்கூட வைக்கவில்லை.

ஆர்வில் பெஞ்சில் மகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அப்பா, இதுல என்ன எழுதணும்?"

"பேனா வச்சிருக்கியா?"

முழங்காலில் வைத்து எழுதினார். எழுத அதிகம் இல்லை. நான்காக மடித்துப் பெட்டிக்குள் போட்டார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சட்டைக் கையால் கரும்பலகையிலிருந்த 4-ஐத் துடைத்து, சாக்பீஸ் கிறீச்சிடாமல், அந்த இடத்தில் 5 போட்டார்.