காயாத மூன்று கட்டுரைகள்

இந்த மூண்டும் ஏன் இன்னும் காயல்ல? நூலகர் ஸுலைஹா மனதுக்குள்தான் கேட்டுக்கொண்டாள். சுனாமிக்குப் பிறகு, கல்முனைப் பக்கத்து அந்த வைத்தியசாலை நூலகத்தில், ஓர் ஆய்விலிருந்து விலக்கப்படும் கட்டுரை, விலக்கியதற்கான உண்மைக் காரணத்தை எழுதும்வரை கடல்நீர் சொட்டும். நோயாளர் தொகை போதாது என்றோ வேறு மருந்து என்றோ நூலகர் ஒரு வரி எழுதினால் அரை மணியில் காய்ந்துவிடும். முதல் வருடம் ஆட்கள் வந்து பார்த்தார்கள். பிறகு தரை துடைக்கும் தங்கரத்தினம் வாளி வைக்கப் பழகிவிட்டாள். "இப்பிடியே ஒழுகினா நாம உப்பு வித்தே பிழைக்கலாம் மிஸ்" என்பாள்.

டொக்டர் சியாம் 2006இல் வந்தான். கடல் அடித்த சனங்களுக்கு நித்திரைக்கென்று கொடுக்கும் மாத்திரை நெடுநாளில் நல்லதா என்று உலகில் நடந்த ஆய்வுகள் அத்தனையையும் திரட்டி எடைபோடுவது அவன் வேலை. திரட்டுவது அவளுடையது. தேடுசொற்களைக் கோத்தாள், நாலாயிரத்துச் சொச்சம் தலைப்புகளைச் சலித்தாள், அச்சேறாதவற்றைக் கேட்டுக் கடிதம் எழுதினாள், ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்துக்கு பஸ் ஏறினாள். "ராத்தா இல்லாட்டி இந்த ஆய்வே இல்ல" என்று, அவளை அக்கா முறை வைத்து, அவன் எல்லோரிடமும் சொன்னான். அந்த வார்த்தையை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய், தனியே இருக்கையில் எடுத்துப் பார்த்துக்கொள்வாள்.

2009இல் யுத்தம் முடிந்தது. வடக்கு அகதி முகாம்களுக்கு அந்த மாத்திரையை அனுப்பலாமா என்று அமைச்சிலிருந்து அவனது முடிவைக் கேட்டிருந்தார்கள். அனுப்பலாம் என்று எழுதியிருந்தான். ஆறு மாதத்துக்கு மேல் அதை விழுங்கிய தாய்மார் இறந்த பிள்ளைகளின் பெயர்களையும் மறந்தார்கள் என்று சொன்ன மூன்று கட்டுரைகளுக்கு எதிரே அவனது அறிக்கையில் 'முழுப்பிரதி கிடைக்கவில்லை' என்றிருந்தது. அவளே தேடியெடுத்து அவன் கையில் கொடுத்தவை. அன்றைக்கு வாளி போதவில்லை. தண்ணீர் தரையெல்லாம் ஏறி அவள் கணுக்காலைத் தொட்டது.

"தேடினது சரியெண்டு நூலகர்ர சைன் வேணுமாம் ராத்தா."

"மூண்டும் கிடைச்சதுதானே டொக்டர். நான்தானே தந்த."

"சின்ன ஆய்வுகள். அதுக்காக அங்க சனம் நித்திர இல்லாமக் கிடக்கவா? உங்கட பேரையும் முன்னுக்குப் போடுறன்."

அதுவரை தன் பெயர் எங்குமே இருக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் வலித்தது அதுவல்ல. அவள் ஒப்பமிடுவாள் என்பதில் அவனுக்குத் துளி சந்தேகமும் இருக்கவில்லை. மூன்று வருடம் பக்கத்தில் இருந்து அவளைப் பற்றி அவன் அறிந்துகொண்டது அவ்வளவுதான்.

அவன் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பேனாவை நீட்டினான்.

"நான் சைன் வெக்க மாட்டன் டொக்டர்" என்றாள் அவள், தண்ணீரில் நின்றபடி, அவனுக்கு மட்டும் கேட்கும் குரலில்.