சிவப்புக் கோட்டுக்கு இந்தப்பக்கம்

1.

இந்தக் கதை நான் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியிலிருந்து வந்தது. வேலைக்காக நான் வந்து சேர்ந்திருக்கும் இந்த ஊரில், வீட்டுக்கு அனுப்ப மகளுக்கு ஷூ வாங்கப் போனேன்.

"பாப்பா காலு என்ன நீளம்?" என்றார் கடைக்காரம்மா.

"பத்து வயசு முடிஞ்சிருச்சுங்க."

"வயசு யாருக்கு வேணும்? நீளத்தச் சொல்லுங்க. சின்ன ஷூன்னா வரி இல்ல, பெரிய ஷூன்னா நான் வரி வாங்கணும்."

எனக்குத் தெரியவில்லை. போனில் முகம்தான் வரும், கால் வராது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அறைக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2.

"மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், செருப்புக்கடை வாசலில்..."

வேண்டாம். மழை வந்தால் கதை தானாக நன்றாகிவிடும் என்று நம்புகிறவன் எழுதியது மாதிரி இருக்கிறது.

"வரி என்பது சமூகத்தின்..."

இதுவும் வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

கடைக்காரம்மாவிடமிருந்தே தொடங்குகிறேன். (கடையை அப்படியே தூக்கி என் ஊரில் வைத்துவிட்டேன். கதைக்குள் வாடகை கிடையாது.)

மத்தியான வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்து படுத்திருந்தது. ஜோடி ஜோடியாக ஷூக்கள், யாரோ இப்போதுதான் கழற்றிவிட்டுத் தூங்கப் போனது மாதிரி. நடுவில் கால் அளக்கும் மரப்பலகை, அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கோட்டைத் தாண்டாத காலுக்கு வரி இல்லை. தாண்டினால், வாங்குகிறவரிடம் கடைக்காரம்மா வரியை வாங்கி அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். வரி அவர் கையில் தங்காது. அதற்காக வாங்கும் திட்டு மட்டும் தங்கிவிடும்.

3.

ஓர் அப்பாவும் மகளும் உள்ளே வருகிறார்கள். அப்பா தூரதேசத்தில் வேலை பார்ப்பவர், லீவு முடிந்து நாளைக்குக் கிளம்புகிறார். முதலில் இவரைக் கஞ்சனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. இவருக்கு வரி பெரிய விஷயமே இல்லை.

"என் குட்டிக்கு ஷூ காட்டுங்கம்மா. இவ குழந்தை, வரி கிரின்னு போட்டுடாதீங்க."

"நானா போடறேன்? பலகை சொல்லுது, நான் எழுதறேன். நீ காலை வை கண்ணு."

மகள் வைத்தாள். பலகைமேல் இருந்த அளவுக்கட்டையை விரல் நுனிவரை நகர்த்தினார் கடைக்காரம்மா. கோட்டைத் தொடாமல் நின்றது.

"பாத்தீங்களா! நான் சொல்லல?" அப்பாவின் முகம் அப்படியே மலர்ந்துபோனது.

ஆனால் கடைக்காரம்மாவின் கட்டைவிரல் சாக்ஸின் நுனியில் இருந்தது. உள்ளே விரல்கள் ஐந்தும் மடங்கியிருந்தன.*

"விரலை நீட்டு கண்ணு," என்றார் மெதுவாக.

"வேணாம்க்கா." அவள் அதைவிட மெதுவாகச் சொன்னாள். "அப்பா நான் இன்னும் சின்னப் பொண்ணுன்னு நெனச்சுட்டிருக்கார். அப்படியே நெனச்சுட்டுப் போகட்டும்."

"ஷூ கடிக்குமேடி."

"அவர் போனதும் கழட்டிடுவேன்."

"அங்க என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு?" என்றார் அப்பா.

* அறையில் நானும் மடக்கிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்திலேயே வலிக்கிறது.

4.

முடிவு ஒன்று: கடைக்காரம்மா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுகிறார். கால் கோட்டைத் தாண்டுகிறது. பில்லில் வரி ஏறுகிறது. அப்பா அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். "எப்பம்மா வளந்த?"

முடிவு இரண்டு: வரியில்லாத பில். மகள் சிரித்துக்கொண்டே, கொஞ்சம் காலை ஊன்றாமல், தெருமுனை வரை அப்பாவோடு நடக்கிறாள். அவர் ஒரு குழந்தையை நினைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறார்.

முடிவு மூன்று: பெரிய ஷூவையே கொடுத்து, வரியைக் கடைக்காரம்மா தன் பையிலிருந்து...

இல்லை. அது அழுகிற எனக்கு மிட்டாய் கொடுக்கிற முடிவு.

5.

எதை வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அம்மாடி, காலை அளந்து சொல்லேன்."

"எதுக்குப்பா? போன தடவை வாங்கின அளவே வாங்குங்க. கரெக்டா இருக்கு."

கொஞ்சம் வேகமாகச் சொன்னாள்.

இப்போது கடையில் நிற்கிறேன். மேஜைமேல் இரண்டு பெட்டிகள், கோட்டுக்கு இந்தப்பக்கம் போன தடவை அளவு ஒன்று, அந்தப்பக்கம் அடுத்த அளவு ஒன்று. கடைக்காரம்மா பேனாவைத் திறந்துவிட்டார்.

"என்ன சார், வரி போடவா, வேணாமா?"

இவ்வளவு தூரம் என்கூடவே வந்துவிட்டீர்கள். நீங்கள்தான் பக்கத்தில் நிற்கிறீர்கள். அவருக்குப் பதில் சொல்லுங்கள்.